போர் வீரர் எழுப்பிய இல்லங்கள்: லெனார்ட் செஷையரின் வாழ்க்கை

புது தில்லி: தலைநகரின் ஓக்லா பகுதியிலும், மும்பையின் அந்தேரியிலும், சென்னை, கோவை, பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் போன்ற நகரங்களிலும் ஒரே பெயரில் இல்லங்கள் இயங்கி வருகின்றன. உடல் இயக்கத்தை இழந்தவர்கள், குணப்படுத்த இயலாத நோய் கொண்டவர்கள், குடும்பத்தால் கைவிடப்பட்டவர்கள் அவற்றில் வாழ்கின்றனர். வாயிற் பலகைகளில் காணப்படும் அப் பெயர், செஷையர்.

சட்டம் பயின்றவர்களுக்கு இப் பெயர் வேறு வகையில் பழக்கமானது. ஒப்பந்தச் சட்டம் குறித்தும் சொத்துச் சட்டம் குறித்தும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஜெஃப்ரி செஷையர் எழுதிய நூல்கள் இந்தியச் சட்டக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் பயன்பட்டு வந்துள்ளன. இல்லங்களை நிறுவியவர் அவருடைய மகன் லெனார்ட் செஷையர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற குண்டுவீச்சு விமானி. நாகசாகி அணுகுண்டு வீச்சை வானிலிருந்து கண்ட இரு பிரிட்டிஷ் பார்வையாளர்களில் ஒருவர்.

போரில் உடல் சிதைந்து திரும்பும் வீரனுக்கு யார் பொறுப்பு? அரசா, நல்ல மனம் படைத்தோரின் நன்கொடையா? விருதுகளின் பட்டியலைவிட இந்தக் கேள்வியே செஷையரின் வாழ்க்கையை இன்றும் நினைக்கத்தக்கதாக்குகிறது.

இளம் விமானி

1917 செப்டம்பர் 7-ம் தேதி இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்த லெனார்ட், தந்தையைப் பின்பற்றி ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தார். படிப்பில் நாட்டமுள்ள மாணவர் என்ற பெயர் அவருக்கு இருந்ததில்லை. வேகமான கார்களும் கேளிக்கைகளும் அவரை ஈர்த்தன. பல்கலைக்கழக விமானப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து பறக்கக் கற்றார். 1939-ல் போர் மூண்டதும் விமானப் படை அதிகாரியானார்.

1940 நவம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு மேலே அவரது விமானத்தை எதிரியின் குண்டு தாக்கியது. விமானத்துக்குள் தீப்பற்றியது, பக்கவாட்டில் பெருந்துளை விழுந்தது, வானொலி இயக்குபவர் கடுமையாகத் தீக்காயமுற்றார். அந்த நிலையிலும் விமானத்தைத் தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார் செஷையர். இச் செயலுக்காக உயர் சேவை விருது பெற்றபோது அவருக்கு வயது 23. அவருடைய தம்பி கிறிஸ்டோபரும் குண்டுவீச்சு விமானியே. 1941-ல் அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும்வரை ஜெர்மானியச் சிறை முகாமில் இருந்தார்.

அன்றைய குண்டுவீச்சுப் படையில் பணியாற்றுவது எத்தகையது என்பதை எண்ணிக்கையே உணர்த்தும். அப் படையின் விமானக் குழுவினர் ஏறத்தாழ 1 லட்சத்து 25 ஆயிரம் பேர். அவர்களில் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. செஷையரோ 100 தாக்குதல் பயணங்களை நிறைவு செய்தார்.

1943-ல் 25 வயதில் குரூப் கேப்டன் பதவிக்கு உயர்த்தப்பட்டார். அப் பதவி வகித்தவர்களில் அப்போது அவரே மிக இளையவர். ஆனால் அது தரையில் அமர்ந்து நிர்வகிக்கும் பதவி. போரிடும் வாய்ப்பைத் தருவதானால் பதவிக் குறைப்பை ஏற்கத் தயார் என்று அவரே முன்வந்தார். அதன்படி, ஜெர்மானிய அணைகளைத் தகர்த்துப் புகழ் பெற்றிருந்த 617-வது விமானப் பிரிவின் தலைமை 1943 நவம்பரில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

லிமோஜ் எச்சரிக்கை

அக் காலத்தில் குண்டுகள் பெரும் உயரத்திலிருந்து இருளில் வீசப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி இலக்கைத் தவறவிட்டுக் குடியிருப்புகள் மீது விழுந்தது. இதற்கு மாற்றாக, ஒரு விமானம் மிகத் தாழ்வாகப் பறந்து இலக்கின் மீது ஒளிக் குறியீடு இட வேண்டும், மற்றவை அக் குறியை நோக்கியே வீச வேண்டும் என்ற முறையை செஷையர் வளர்த்தார். குறியிடும் விமானத்துக்கே ஆபத்து அதிகம். அதைத் தாமே ஓட்டினார்.

1944 பிப்ரவரியில் பிரான்ஸின் லிமோஜ் நகரில், ஜெர்மானியருக்காக இயங்கிய விமான என்ஜின் தொழிற்சாலையைத் தாக்க உத்தரவு வந்தது. இரவுப் பணியில் இருந்த பிரெஞ்சுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். குண்டு வீசுவதற்கு முன்பு செஷையர் அத் தொழிற்சாலையின் கூரையை ஒட்டியவாறு மும்முறை பறந்து எச்சரித்தார். பெண்கள் வெளியேறிப் பதுங்கிய பின்னரே இலக்குக்குக் குறியிட்டார். தொழிற்சாலை தகர்ந்தது, நகரம் தப்பியது.

1944 செப்டம்பரில் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. வழக்கமாக ஒரு குறிப்பிட்ட வீரச் செயலுக்காக அளிக்கப்படும் அவ் விருது, நான்கு ஆண்டுகள் தளராமல் காட்டிய துணிவுக்காக அவருக்கு அளிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கல்கத்தாவிலிருந்து நாகசாகிக்கு

அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் இந்தியாவுக்கு மாற்றப்பட்டார். கல்கத்தாவில் இயங்கிய கிழக்கு விமானக் கட்டளைத் தலைமையகத்தில் சில காலம் பணியாற்றினார். இந்த நாட்டுடன் அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு அது. இந்தியாவிலிருந்தும் ஏறத்தாழ 25 லட்சம் பேர் அப் போரில் ராணுவத்தில் சேர்ந்திருந்தனர். கை, கால் இழந்து திரும்பியோருக்காக 1944-ல் புணேயில் செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது.

பின்னர் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்ட செஷையர், அணுகுண்டு வீச்சுக்குப் பிரிட்டன் தரப்புப் பார்வையாளராகத் தேர்வானார். 1945 ஆகஸ்ட் 9-ம் தேதி, விஞ்ஞானி வில்லியம் பென்னியுடன் அவர் சென்ற விமானம் தாமதமாகி, வெகு தொலைவிலிருந்தே நாகசாகி மீது எழுந்த நெருப்பு மேகத்தைக் கண்டது. அவ் வாண்டு இறுதிக்குள் அந்நகரில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

நாகசாகி காட்சியால் மனம் உடைந்து, அதற்குப் பரிகாரமாகவே அவர் அறப் பணிக்கு வந்தார் என்று பலரும் எழுதி வந்துள்ளனர். அதை அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. அணுகுண்டுதான் போரை முடித்தது, அதனால் மேலும் பல உயிர்கள் காக்கப்பட்டன என்ற கருத்தையே இறுதிவரை கொண்டிருந்தார். 1985-ல் வெளியான நூலிலும் அதை வாதிட்டார். அணு ஆயுத எதிர்ப்பாளர்கள் அவரைக் கடுமையாக விமர்சித்தனர். அவருடைய அறப் பணியை மதிப்போரிலும் பலருக்கு இது ஏற்புடையதாக இல்லை. ஆயினும் இத்தனை பேர் மாண்ட பிறகு உயிருடன் இருப்பவர்கள் அமைதிக்காக ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் உறுதியாக இருந்தது.

தோல்வியில் முடிந்த குடியிருப்பு

மன நலம் குன்றியிருந்த நிலையில் 1946-ல் விமானப் படையிலிருந்து விலகினார். நடிகை கான்ஸ்டன்ஸ் பின்னியுடன் 1941-ல் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. போர்க்காலத் தோழமையை அமைதிக் காலத்திலும் தொடர விரும்பிய அவர், வேலையின்றித் தவித்த முன்னாள் படை வீரர்கள் குடும்பத்துடன் கூடி வாழ்ந்து உழைக்கும் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். பத்திரிகையில் எழுதி ஆதரவும் திரட்டினார். முதலில் லெஸ்டர்ஷைரிலும் பின்னர் ஹாம்ப்ஷைரில் லே கோர்ட் என்ற பழைய மாளிகையிலும் அது நடைபெற்றது. உட்பூசலும் கடனும் பெருகின. 1947-ல் திட்டம் கலைந்தது. மிஞ்சியவை, காலி மாளிகையும் அடைக்க வேண்டிய கடனும்.

1948-ன் தொடக்கத்தில், அக் குடியிருப்பில் முன்பு இருந்த ஆர்தர் டைக்ஸ் என்பவர் அவரைத் தொடர்பு கொண்டார். அவரும் முன்னாள் விமானப் படை வீரர். உடல் தேறும்வரை வண்டி வீடு ஒன்றை நிறுத்திக்கொள்ளச் சிறிது இடம் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மருத்துவமனையை விசாரித்தபோது டைக்ஸுக்கு முற்றிய புற்றுநோய் என்பதும், அந்த உண்மை அவரிடமே மறைக்கப்பட்டிருப்பதும் தெரியவந்தன. அவரை ஏற்க வேறு இடம் இல்லை. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்ட அதே ஆண்டில், குணமாக்க முடியாத ஒரு வீரனுக்குப் படுக்கை கிடைக்கவில்லை.

செஷையர் டைக்ஸிடம் உண்மையைச் சொன்னார். லே கோர்ட்டுக்கு அழைத்து வந்தார். செவிலியர் வைக்க வசதியில்லாததால் படுக்கை விரிப்பு மாற்றுவது, உடல் துடைப்பது, உணவூட்டுவது அனைத்தையும் தாமே கற்றுக்கொண்டு செய்தார். அவ் வாண்டு ஆகஸ்டில் டைக்ஸ் இறந்தார். அதற்குள்ளாகவே வேறு நோயாளிகள் வரத் தொடங்கியிருந்தனர். யாரையும் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. 1949 கோடையில் லே கோர்ட்டில் 24 பேர் இருந்தனர். டைக்ஸின் மறைவு அவரைச் சமயத்தின் பக்கமும் திருப்பியது. 1948 டிசம்பரில் அவர் கத்தோலிக்கரானார்.

அடுத்த இல்லங்களில் ஒன்று கார்ன்வால் மாவட்டத்தில், போருக்குப் பின் கைவிடப்பட்ட விமானத் தளக் கட்டடத்தில் அமைந்தது. குண்டுவீச்சு விமானங்களின் காலத்தில் எழுந்த கூரையின் கீழ் நோயாளிகள் குடியேறினர்.

1952-ல் செஷையருக்கே காசநோய் கண்டது. மருத்துவமனையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிடந்தார். நுரையீரலின் ஒரு பகுதியையும் சில விலா எலும்புகளையும் அகற்ற வேண்டியதாயிற்று. பிறரைப் பராமரித்தவர் தாமே பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்த காலம் அது. அவர் இல்லாமலே இல்லங்களை நடத்த நிர்வாகிகள் பழகினர். ஒவ்வோர் இல்லத்தையும் அந்தந்த ஊர் மக்களின் குழுவே நடத்த வேண்டும், சமயம் எதுவும் தடையாகக் கூடாது என்ற ஏற்பாடு பின்னர் அவரது அமைப்பின் அடிப்படையாயிற்று.

அந்தேரியும் டேராடூனும்

1950-களின் நடுவில், உடல் சற்றுத் தேறியதும், செஷையர் மீண்டும் இந்தியா வந்தார். மும்பை அந்தேரியில் இந்தியாவின் முதல் செஷையர் இல்லம் உருவாயிற்று. பிரிட்டிஷ் ஆட்சி நீங்கிப் பத்தாண்டுகள்கூட ஆகாத நிலையில், பிரிட்டிஷ் படையின் முன்னாள் அதிகாரி ஒருவர் இங்கு வந்து இல்லம் தொடங்கியதை ஐயத்துடன் பார்க்க இடமிருந்தது. அந்தந்த நகரத்து இந்தியர்களின் குழுக்களிடமே நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டதால் இல்லங்கள் இங்கு வேரூன்றின. இன்று நாடெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட இல்லங்கள் உள்ளன.

இந்தக் காலகட்டத்தில்தான் சூ ரைடர் அவர் வாழ்க்கையில் இணைந்தார். போர்க் காலத்தில், போலந்துக்கு ரகசியமாக அனுப்பப்பட்ட வீரர்களுக்கு உதவும் பிரிவில் பணியாற்றியவர் அவர். போருக்குப் பின் ஐரோப்பாவிலேயே தங்கி, நாஜி வதை முகாம்களில் உயிர் பிழைத்தவர்களுக்குத் தொண்டு செய்து வந்தார். 1959 ஏப்ரல் 5-ம் தேதி இருவரும் மும்பையில் திருமணம் செய்துகொண்டனர். கார்டினல் வலேரியன் கிரேசியஸ் திருமணத்தை நடத்தி வைத்தார்.

அதே ஆண்டு டேராடூனில் இருவரும் சேர்ந்து தொடங்கிய மையம் ராஃபேல் எனப்படுகிறது. தொழுநோயால் ஊனமுற்று ஊரால் ஒதுக்கப்பட்டோர், மன வளர்ச்சி குன்றிய குழந்தைகள், காசநோயாளிகள் ஆகியோருக்காக அது அமைந்தது. ராணுவப் பயிற்சிக் கழகத்தால் அறியப்படும் ஊர் டேராடூன். இளம் அதிகாரிகள் உருவாகும் அதே ஊரில், விக்டோரியா கிராஸ் பெற்ற வீரர் தொழுநோயாளிகளுக்கு வீடு அமைத்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பொது மக்களிடம் திரட்டிய நிதி பல ஆண்டுகள் அம் மையத்தைத் தாங்கியது. தம்பதியர் அடிக்கடி அங்கு வந்து தங்கினர்.

இல்லத்துக்குள் எழுந்த குரல்

செஷையரின் புகழ் உச்சத்தில் இருந்தபோதே, அவர் தொடங்கிய முதல் இல்லத்தில் எதிர்ப்பும் முளைத்தது. தசைச் சிதைவு நோயுடன் 1956-ல் லே கோர்ட்டுக்கு வந்த பால் ஹண்ட் என்ற இளைஞரும் அவரது நண்பர்களும், எப்போது உறங்குவது, யாரைச் சந்திப்பது, எப்படி வாழ்வது என்பதை நிர்வாகம் முடிவு செய்யலாகாது என்று போராடினர். நன்றியுடன் வாழ்வது மட்டுமே தங்கள் கடமையாக இருக்க முடியாது என்பது அவர்களது வாதம். உடல் குறை ஒருவரை ஒதுக்குவதில்லை, சமூகத்தின் அமைப்பே ஒதுக்குகிறது என்ற கருத்தை ஹண்ட் வளர்த்தார். 1972-ல் அவர் நாளேட்டுக்கு எழுதிய கடிதம், தனிமைப்படுத்தலுக்கு எதிரான உடல் குறைபாடுடையோர் சங்கம் பிறக்கக் காரணமாயிற்று. உலகெங்கும் பரவிய மாற்றுத் திறனாளிகள் உரிமை இயக்கத்தின் ஊற்றுகளில் ஒன்று இது.

இது செஷையரின் பணிக்குத் தோல்வி போலத் தோன்றலாம். ஆனால் கைவிடப்பட்டோரை அவர் ஓரிடத்தில் சேர்த்து உயிருடன் வாழவைத்ததால்தான் அவர்கள் கூடிப் பேசவும், கூட்டாகக் குரல் எழுப்பவும் முடிந்தது. கருணை முதல் படியை அமைத்தது. அதில் ஏறி நின்றவர்கள் அடுத்த படியாக உரிமையைக் கேட்டனர். 1970-களில், இல்லத்துக்கு வராமல் தத்தம் வீட்டிலேயே வாழ விரும்புவோருக்கு உதவும் சேவையைச் செஷையர் அறக்கட்டளையும் தொடங்கியது. லே கோர்ட் 2007-ல் மூடப்பட்டது.

இந்தியாவிலும் சட்டம் அதே திசையில் நகர்ந்துள்ளது. 1995-ல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. மாற்றுத் திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007-ல் இந்தியா ஏற்றது. 2016-ல் வந்த புதிய சட்டம் அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளை 7 வகைகளிலிருந்து 21 ஆக உயர்த்தியது. பணிக்குச் சேரும்போது நல்ல உடல்நிலையில் இருந்த படை வீரர் பின்னர் குறைபாட்டுடன் விடுவிக்கப்பட்டால், அது பணியால் நேர்ந்தது என்றே பொதுவாகக் கருத வேண்டும், இல்லை என நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஊன ஓய்வூதியம் கோரி முன்னாள் வீரர்கள் தீர்ப்பாயங்களின் படியேறுவது அதன் பின்னரும் நிற்கவில்லை.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ம் தேதி படை வீரர் கொடி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று சட்டையில் குத்தப்படும் சிறு கொடிக்குப் பொது மக்கள் தரும் தொகை, வீரர்களின் குடும்பங்களுக்கும் ஊனமுற்றோருக்கும் செல்கிறது. மக்களின் நன்றிக்கு அது அடையாளம். அரசின் கடமைக்கு அது ஈடாகாது. படுக்கை கிடைக்காத ஆர்தர் டைக்ஸை ஒரு தனி மனிதர் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்த நிலை, அவரது பெருமைக்குச் சான்று. அவரை அனுப்பி வைத்த நாட்டுக்கு அல்ல.

இறுதி ஆண்டுகள்

1981-ல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்ற செஷையர், 1991-ல் பிரபுக்கள் அவை உறுப்பினரானார். போர்களில் மாண்டோர் நினைவாகப் பேரிடர் நிவாரண நிதி ஒன்றை 1989-ல் தொடங்கினார். உயிரிழந்த ஒவ்வொருவருக்கும் 5 பவுண்டு வீதம் திரட்டுவது அவர் நோக்கம். அதற்காக 1990 ஜூலையில், இடிந்த பெர்லின் சுவரருகே இசைக் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் நடத்திய மாபெரும் நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தார். ஒரு காலத்தில் அந் நாட்டு நகரங்கள் மீது குண்டு வீசியவர், முதுமையில் அதன் தலைநகரில் அமைதிக்காக நின்றார். எதிர்பார்த்த அளவு நிதி திரளவில்லை.

விரைவில், இயக்க நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய் அவரைத் தாக்கியது. அவர் நிறுவிய இல்லங்களில் வாழ்ந்த பலரைப் போலவே அவரும் கை கால் அசைவை இழந்து சக்கர நாற்காலியை நாட வேண்டியதாயிற்று. 1992 ஜூலை 31-ம் தேதி தமது 74-ம் வயதில் காலமானார். அப்போது 49 நாடுகளில் 270 செஷையர் இல்லங்கள் இருந்தன. சூ ரைடர் 2000-ல் மறைந்தார்.

1992 கிறிஸ்துமஸ் உரையில் ராணி எலிசபெத் செஷையரை நினைவுகூர்ந்தார். மறைவுக்குச் சில காலம் முன்பு அவரைச் சந்தித்தபோது, அவர் தம் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பிறருக்குச் செய்ய வேண்டியதைக் குறித்தே பேசியதாக ராணி குறிப்பிட்டார். செஷையரின் வீரப் பதக்கங்கள் பிரிட்டனுக்கு உரியவை. டேராடூனிலும் அந்தேரியிலும் ஓக்லாவிலும் அவர் பெயரால் இன்றும் போடப்படும் படுக்கைகள் இந்தியர்களுக்கு உரியவை. அப் படுக்கைகள் இன்னும் தேவைப்படுகின்றன என்பதே, அவரைப் போற்றுவோர் அரசின் முன் வைக்க வேண்டிய கேள்வி.